தலத்தெருக் கிதாரின் மேனி ரகசியம்

கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை இழுத்தபோது, அதனுடன் ஒரு கிழிந்த பாயும், பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றும், அதன்மேல் உறங்கிக்கொண்டிருந்த பூனையும் சேர்ந்தே வெளியே வந்தன. பூனை எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் நடந்தது. பெட்டியின் கொக்கிகள் கடற்காற்றில் துருவேறி இறுகிப்போயிருந்தன. வீட்டுப் பெரியவர் திருப்புளியை நுழைத்து நெம்பினார். மூடி திறந்தது. உள்ளே, சிவப்புப் பட்டுத்துணி விரித்த படுக்கையில், ஒரு மின்சாரக் கிதார்!

நடுவில் மாம்பழ மஞ்சள். அதைச் சுற்றிச் செம்மை. ஓரத்துக்குப் போகப் போகக் கறுப்பு. மாலைச் சூரியன் மேகத்துக்குள் இறங்குவது போன்ற இந்த வண்ணக் கலவைக்கு ‘சன்பர்ஸ்ட்’ என்று பெயர். பின்பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கீறல்கள்.

“அது என் தம்பியோட பெல்ட் பட்ட இடம்” என்றார் பெரியவர்.

காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் இருக்கிறது இந்த வீடு. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்த காரைக்கால், 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல் நடந்தது. ஆட்சி போய்விட்டதே தவிர, பிரான்சோடு உள்ள சொந்தபந்தம் போகவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து பென்ஷன் வாங்குகிறவரை இங்கே ‘சொல்தா’ என்பார்கள். பெரியவரின் தம்பியும் ஒரு சொல்தாதான். பட்டாளத்தை விட்ட பிறகு பாரிசுக்கு அருகே குடியிருந்து, சனி ஞாயிறுகளில் ஒரு பாட்டுக் குழுவில் கிதார் வாசித்தாராம். பாரிசில் பிகால் பகுதியில் இசைக் கருவிக் கடைகள் வரிசையாக உள்ள தெரு ஒன்று உண்டு. அங்கே இரண்டாம் கையாக வாங்கியது இது. ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தார். அடுத்த முறை எடுத்துப் போகிறேன் என்று விட்டுப் போனார். அந்த அடுத்த முறை வரவில்லை.

நான் போன காரணம் வேறு. பெரியவரின் பேரன் கல்லூரி மாணவன். வாத்தியத்துக்குப் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்து, கல்லூரி விழாவில் வாசிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கும் மேஸ்திரி ஒருவரிடம் பேசியும் வைத்துவிட்டான். இதற்கிடையே வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “தலை அசல், உடம்பு போலி. யாரோ உடம்புக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்காங்க. இருபதாயிரம் தர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் பணம் புரளவில்லை. விற்பதா, பூசுவதா, அப்படியே வைப்பதா? மூன்றுக்கும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மேலே இருக்கும் பூச்சு என்ன பூச்சு? தொழிற்சாலையில் பூசியதா, பிறகு யாராவது பூசியதா?

சென்னையில் கிதார்களைப் பழுது பார்க்கும் என் நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். நாங்கள் போன வேளைக்கு உப்புத்தாளும் பெயிண்ட் துப்பாக்கியுமாக மேஸ்திரியும் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நல்ல வேளை, அவர் வேலையைத் தொடங்கவில்லை!

அரக்கும் வெடிப்பஞ்சும்

மரத்துக்கு மேல் பூசும் பூச்சிலே இத்தனை விஷயமா என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்தக் கதை தொடங்குவதே நம் நாட்டில்தான்.

மகாபாரதத்திலே பாண்டவர்களை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகையை யார் மறக்க முடியும்? மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. இன்றைக்கு ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கும் ராஞ்சிக்கு அருகே, நாம்கும் என்ற ஊரில், அரக்கை ஆராய்வதற்கென்றே 1924இல் ஒரு நிலையம் ஏற்பட்டது. அரக்கைச் சுத்தம் செய்து, மெல்லிய தகடாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் மரத்தின்மேல் தேய்த்துத் தேய்த்து ஏற்றினால், அதுதான் ‘பிரெஞ்சு பாலிஷ்’. சரக்கு இந்தியாவுடையது; பெயர் பிரான்சுடையது! ஐரோப்பாவின் உயர்ந்த ரகக் கிதார்களுக்கு இந்தப் பாலிஷ்தான் போட்டார்கள். நம் பாட்டனார் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டுகளும் அரக்குக் கலவையால் ஆனவையே. பாகவதர் குரலைச் சுமந்ததும் அந்தப் பூச்சியின் பிசின்தான் என்றால் விந்தையாக இல்லையா?

அரக்குப் பாலிஷ் அழகு. ஆனால் நாள் பிடிக்கும், கை நோகும். தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் அதற்குப் பொறுமை ஏது? மோட்டார் கார்களுக்கு வார்னிஷ் பூசிக் காய வைக்க வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த முட்டுக்கட்டையை உடைத்தது ஒரு வெடி மருந்து!

1846இல் ஷோன்பைன் என்ற விஞ்ஞானி, சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில், பருத்தியை நைட்ரிக் திராவகமும் கந்தகத் திராவகமும் கலந்த கலவையில் தோய்த்தால் அது வெடிப்பஞ்சாக மாறுகிறது என்று கண்டார். சமையலறையில் சிந்திய திராவகத்தை மனைவியின் பருத்தி முன்றானைத் துணியால் துடைத்து, அதை அடுப்பருகே காயப் போட்டபோது துணி ‘பக்’கென்று மறைந்துவிட்டது என்று ஒரு கதையும் உண்டு. மனைவி என்ன சொன்னாள் என்பதைக் கதை சொல்லவில்லை. இந்த வெடிப்பஞ்சுக்கு ரசாயனப் பெயர் நைட்ரோ செல்லுலோஸ். நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலையில் செய்த கார்டைட் வெடிமருந்தின் உயிர்நாடி இது. பழைய சினிமாப் படச் சுருள்களும் இதனால் ஆனவையே. எளிதில் தீப்பிடித்தும், தானாகவே மக்கியும் எத்தனையோ படங்கள் இல்லாமல் போயின. 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை.

இதே பஞ்சைக் குறைந்த வீரியத்தில் செய்து, திரவத்தில் கரைத்துப் பூசினால், திரவம் ஆவியாகிப் போய்க் கண்ணாடி போன்ற படலம் நிற்கும். அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1920களில் இதை ‘டியூக்கோ’ என்ற பெயரில் கார்களுக்கான பெயிண்டாக விற்றது. வாரக்கணக்கு வேலை மணிக்கணக்கில் முடிந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் ‘டியூக்கோ பெயிண்ட்’ என்று சொல்கிறார்களே, அது இந்தப் பெயர்தான்.

கிப்சன் கம்பெனி 1920களிலேயே கிதாருக்கு இதைப் பூசத் தொடங்கிவிட்டது. 1946இல் கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் தொடங்கிய பெண்டர் கம்பெனியும் இதையே பின்பற்றிற்று. பெண்டரின் ‘ஸ்டிராட்டோகாஸ்டர்’ கிதார் 1954இல் வந்தது. வண்ணம் வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கார் பெயிண்டையே அடித்துக் கொடுத்தார்கள். 1956 போர்டு தண்டர்பேர்டு காரின் சிவப்பு, 1958 காடிலாக் காரின் நீலம் என்று, அன்று அமெரிக்கச் சாலையில் ஓடிய வண்ணமெல்லாம் கிதாரிலும் ஏறின.

மேஸ்திரி சொன்ன பாடம்

“ஐயா, இதுல என்ன பெரிய ரகசியம்?” என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது. மேஸ்திரிதான். “என்.சி. பெயிண்டா, பி.யு. பெயிண்டான்னு பார்க்கணும். தின்னர் பட்டா இளகினா என்.சி. இளகலைன்னா பி.யு. மாதிரி ஒண்ணு. அவ்வளவுதானே?”

என் நண்பர் சிரித்தார். “மேஸ்திரி, நீங்க சொன்னதில் முக்கால் பங்கு சரி” என்றார்.

உண்மைதான், வெளிநாட்டு நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதன் சாரத்தை மேஸ்திரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். வேதாரண்யம் உப்பளத்தில் கடல்நீர் காய்ந்தால் உப்பு நிற்கிறது. அதன்மேல் மறுபடி நீர் விட்டால் கரைந்துவிடும். நைட்ரோ பூச்சு அந்த ரகம். எத்தனை ஆண்டு ஆனாலும் தின்னர் பட்டால் இளகும். ஆனால் முட்டையை வேகவைத்து விட்டால்? எத்தனை நீர் விட்டாலும் பச்சை முட்டை ஆகாது. பாலியூரிதேன், பாலியெஸ்டர் என்ற பூச்சுகள் இந்த ரகம். அவை காய்வதில்லை, ‘வேகின்றன’. ரசாயன மாற்றத்தால் கெட்டிப்பட்டு நிற்கின்றன. ஒரு காலத்தில் நாமெல்லாம் மோகித்துத் தைத்துக்கொண்ட டெரிலின் சட்டை இருக்கிறதே, அதுவும் பாலியெஸ்டர் குடும்பமே. சலவையிலும் கசங்காத சட்டை போலவே, தின்னரிலும் அசையாத பூச்சு!

மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார். ஐப்பசி அடைமழையில் என்.சி. பெயிண்ட் அடித்தால் பனி பூத்தாற்போல் வெளுத்துவிடும். ஆகையால் மழை நாளில் துப்பாக்கியைத் தொடவே மாட்டாராம். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் படலத்தில் இறங்கிவிடுவதே காரணம். அமெரிக்கத் தொழிற்சாலைகளையும் ஆட்டிவைத்த தொல்லை இது.

அப்படியானால் தின்னரைத் தொட்டுப் பார்த்துவிட்டால் தீர்ந்தது அல்லவா? அங்கேதான் ஆபத்து. கிதாரின் முகத்தில் தின்னரை வைத்துவிட்டு, “ஆம், நைட்ரோதான்!” என்று கூவுவது, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க ஆளையே நெருப்பில் போடுவதற்கு ஒப்பாகும். எனவே நண்பர் முதலில் கண்ணைத்தான் நம்பினார்.

கண் பார்க்கும் சோதனை

நைட்ரோ பூச்சு மெல்லியது; நல்ல தாள் ஒன்றின் கனம்தான் இருக்கும். மரத்தின் ரேகைகள் அதற்குள் லேசாக அமிழ்ந்து தெரியும். ஆண்டுகள் ஆக ஆக அது சுருங்கும், இறுகும், மஞ்சள் பூக்கும். வெள்ளைக் கிதார் வெண்ணெய் நிறமாகும். நீலக் கிதார் பச்சை சாயும். வாசிப்பவரின் முழங்கை படும் இடம் தேய்ந்து மரம் வெளியே தெரியும். குளிர் நாட்டில் பனியில் கொண்டுபோன பெட்டியைச் சூடான அறையில் சட்டென்று திறந்தால், மரம் ஒரு வேகத்திலும் பூச்சு ஒரு வேகத்திலும் விரிய, சிலந்தி நூல் போன்ற மெல்லிய வெடிப்புகள் குறுக்கே ஓடும். இதை வேண்டுமென்றே செய்து புதிய கிதாரைப் பழையதாக விற்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. கத்தியால் கீறிய போலி வெடிப்பு நேர்கோடாகப் போகும். உண்மை வெடிப்பு தன் இஷ்டத்துக்கு நெளியும்.

பாலியெஸ்டர் பூச்சு அப்படியன்று. விரல் நகத்தின் கனத்துக்குக் கூட ஏறியிருக்கும். கிதார் கண்ணாடிக்குள் வைத்த பொம்மை போல இருக்கும். தேயாது; மஞ்சள் ஏறுவதும் குறைவு; அடிபட்டால் பீங்கான் தட்டு போல ஓரம் சில்லாகப் பெயரும்.

மெல்லியதைவிட்டு ஏன் கனத்துக்குப் போனார்கள்? காசுதான். பெண்டர் கம்பெனியை 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனம் 130 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. கிராக்கி ஏறிக்கொண்டே போயிற்று. நைட்ரோ என்றால் பல தடவை பூசி, காயவிட்டு, தேய்த்து, மீண்டும் பூச வேண்டும். பாலியெஸ்டர் ஓரிரண்டு பூச்சிலேயே மேடு பள்ளத்தை நிரப்பிவிடும். 1968ஐ ஒட்டி பெண்டர் கிதார்களின் உடம்பு பாலியெஸ்டருக்கு மாறியது. ஜப்பானிலிருந்து வந்த மலிவான கிதார்களும் பெரும்பாலும் இவ்வகைப் பூச்சுகளையே பூண்டன. கிப்சன் மட்டும் இன்றுவரை நைட்ரோவை விடவில்லை.

இனித் தலத்தெருக் கிதாருக்கு வருவோம். நண்பர் அதை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். உடம்பு தடித்த கண்ணாடி போல மின்னிற்று. பெல்ட் கீறல்கள் இருந்தனவே தவிர மரத்தைத் தொடவில்லை. கீழ் ஓரத்தில் ஒரு சில் பெயர்ந்திருந்தது. ஆனால் தலைப் பகுதி? கம்பெனியின் பெயர் பொறித்திருந்த முகப்பு, பழைய ஓலைச்சுவடி போலப் பழுப்பேறி, அதில் நுணுக்கமான வெடிப்புகள் நெளிந்தன.

“குளிர் பார்த்த கிதார்” என்றார் நண்பர். “காரைக்கால் வெயிலில் மட்டும் இருந்திருந்தால் தலை இப்படி வெடித்திராது.”

“அப்போ வியாபாரி சொன்னது சரிதானே? தலை ஒரு மாதிரி, உடம்பு ஒரு மாதிரி இருக்குதே?” என்று பெரியவர் கேட்டார். அவர் முகம் வாடிவிட்டது.

நண்பர் பதில் சொல்லவில்லை. “வீட்டில் கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கு இருக்கிறதா?” என்று பேரனிடம் கேட்டார்!

நீல விளக்கில் தெரிந்தது

ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் புற ஊதா விளக்கைத்தான் கேட்டார். தெருமுனைக் கடையிலிருந்து பேரன் ஓடிப்போய் வாங்கி வந்தான். ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் துணியை அடைத்து, கூடத்தை இருட்டாக்கினோம். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம், சினிமா காட்டப் போகிறோம் என்று.

வயதான நைட்ரோ பூச்சு இந்த ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அரக்குப் பாலிஷ் ஆரஞ்சு நிறமாகச் சுடர்விடும். பாலியெஸ்டர் பெரும்பாலும் மங்கலாகவோ, பால் கலந்த நீலமாகவோ நிற்கும். பிற்பாடு ஒட்டுப்போட்ட இடம் இருந்தால் கறுத்த திட்டாகக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் ஒளிர்கிறது என்பதற்காகவே நம்பிவிடக் கூடாது. புதிய நைட்ரோ அவ்வளவாக ஒளிராது, மேலே பூசிய மெழுகும் ஏமாற்றும். மலிவான விளக்குகளிலிருந்து ஊதா ஒளியே அதிகம் கசிந்து கண்ணைக் குழப்பும். ஆகையால் இதை ஒரு சாட்சியாகக் கொள்ளலாம். தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

விளக்கை ஏற்றியதும் கிதாரின் தலை மின்மினி போல் பச்சை மஞ்சளாக எழுந்தது! கழுத்தும் உடம்பும் மங்கலாகக் கிடந்தன. உடம்பு முழுவதும் ஒரே சீர். முன்பக்கத்தில் ஒரு மூலையில் மட்டும் கட்டைவிரல் அளவு கறுப்புத் திட்டு.

“தம்பி ஒரு தடவை மேடையில கீழே போட்டுட்டேன்னு எழுதியிருந்தான். அது இங்கதான் போலிருக்கு” என்று பெரியவர் இருட்டில் சொன்னார்.

அடுத்தது நகப் பூச்சு அழிக்கும் திரவம். பேத்தியின் மேஜையில் கிடைத்தது. நகப் பூச்சிலும் இருப்பது அதே நைட்ரோ செல்லுலோஸ்தான். நம் பெண்கள் விரல் நுனியில் வெடிப்பஞ்சின் தங்கையைத்தான் பூசிக்கொள்கிறார்கள்! அதை அழிக்கும் திரவத்தில் உள்ள அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். ஆகவே பூஜை மாடத்தில் எரிந்த விளக்கை வீட்டம்மாள் முதலில் மலையேற்றிவிட்டார். பிறகு நண்பர் தந்திகளைக் கழற்றி, முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டின் திருகாணிகளை எடுத்து, தகட்டைத் தூக்கினார். யாரும் பார்க்காத குழிவின் ஓரத்தில், பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரே ஒரு பொட்டு.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஒன்றும் இளகவில்லை. குச்சியின் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

“வெந்த முட்டை!” என்றார் மேஸ்திரி.

தகட்டின் அடியில் வேறொரு விஷயமும் பார்க்கலாம். வெயில் பட்டு மேலே நிறம் வெளிறியிருந்தாலும், தகடு மறைத்த இடத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும். கைக்கடிகாரத்தைக் கழற்றினால் தெரியும் தோலைப் போல. கிப்சன் கம்பெனி 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் கிதார்களில் சிவப்புச் சாயம் ஒளிக்குத் தாங்காமல் போய்விட்டது. சில எலுமிச்சை நிறத்துக்கும், சில தேநீர் நிறத்துக்கும் வந்துவிட்டன. அந்தக் குறைபாட்டையே இன்று தனித்தனிப் பெயர் வைத்துப் போற்றுகிறார்கள். மனிதர் ரசனையை என்னென்பது!

தீர்ப்பு

கடைசியாக, கழுத்தை உடம்போடு பிணைத்த திருகாணிகளைக் கழற்றினார் நண்பர். மூன்றே மூன்று திருகாணிகள். கழுத்து பொருந்தும் பள்ளத்தைப் பேரன் கைப்பேசி வெளிச்சத்தில் காட்டினான். அதன் தரையில் வண்ணமே இல்லாமல் வெறும் மரமாக ஒரு பட்டை.

நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பெரியவரே, உடம்பும் அசல்தான்” என்றார்.

காரணத்தை அவர் விளக்கியதை இங்கே சுருக்கித் தருகிறேன். 1950களில் பெண்டர் தொழிற்சாலையில் உடம்பின் முகத்தில் சின்ன ஆணிகள் அடித்து, அவற்றின் மேல் நிறுத்திக் காய வைப்பார்கள். அந்த ஆணித் துளைகளுக்குள் பெயிண்ட் இறங்கியிருந்தால், யாரோ பிற்பாடு பூசியிருக்கிறார்கள் என்று பொருள். 1960களில் முறை மாறியது. கழுத்துப் பள்ளத்தில் ஒரு கட்டையைத் திருகி, அதைப் பிடித்துக்கொண்டே பூசினார்கள். கட்டை இருந்த இடம் மட்டும் வெறும் மரமாக நிற்கும். பிற்பாடு பூசுகிற பட்டறைக்காரர் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தையும் சேர்த்தே அடித்துவிடுவார். இங்கே பட்டை அப்படியே இருந்தது. குழிவுகளில் வேறு நிறத்தின் அடையாளமோ, உப்புத்தாள் தேய்த்த தடமோ இல்லை.

சரி, தலையில் மட்டும் நைட்ரோ ஏன்? அங்கேதான் அந்த வியாபாரி சறுக்கினார். அல்லது சறுக்கியதுபோல் நடித்தார். பாலியெஸ்டருக்கு மாறிய பெண்டர் கம்பெனிக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. தலையில் ஒட்டும் பெயர்ச் சீட்டின் மை புதிய பூச்சோடு ஒத்துப்போகவில்லை. ஆகையால் தலையின் முகப்புக்கு மட்டும் பழைய நைட்ரோவையே பூசினார்கள். அதனால்தான் 1970களின் பெண்டர் கிதார்களில் உடம்பு இளமையாகவும் தலை கிழடாகவும் தோன்றுகிறது. தலையும் உடம்பும் வேறுபடுவது இந்தக் காலத்துக் கிதாருக்குக் குற்றமன்று, பிறப்பு அடையாளம்! இரண்டும் ஒன்றுபோல் பளபளத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்று திருகாணிக் கழுத்து 1971இன் இறுதியை ஒட்டி வந்தது. வரிசை எண் இந்தக் கிதாரில் கழுத்துத் தகட்டில் இருக்கிறது. 1976இல் அது தலைக்கு மாறிவிட்டது. ஆக, இடைப்பட்ட ஐந்தாண்டில் பிறந்தது.

விலை எவ்வளவு? நான் தரகன் அல்லன். 1950களின் கிதாருக்குக் கிடைக்கும் விலை 1970களின் கிதாருக்குக் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் புதிய அமெரிக்க ஸ்டிராட்டோகாஸ்டரே நம் ஊரில் லட்சத்தைத் தாண்டி விற்கும்போது, அசல் பூச்சோடு ஐம்பது ஆண்டு கண்டதற்கு இருபதாயிரம் என்பது அநியாயம். மறு பூச்சு ஏறிய பழைய கிதாரின் மதிப்பு ஏறத்தாழப் பாதியாக விழும் என்பது இந்த வியாபாரத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. மேஸ்திரியின் ஒரு மணி நேர வேலை, பேரனின் கட்டணத்தில் பெரும் பங்கைச் சுரண்டிக்கொண்டு போயிருக்கும்!

இதிலே ஒரு வேடிக்கை. அயர்லாந்தின் ரோரி கல்லகர் வைத்திருந்த 1961ஆம் ஆண்டு ஸ்டிராட்டோகாஸ்டரில் பூச்சு என்று சொல்ல மிஞ்சியது கொஞ்சம்தான். மேனியெங்கும் வெறும் மரம். 2024இல் லண்டன் ஏலத்தில் அது எட்டு லட்சம் பவுனுக்கு மேல் போயிற்று. ‘பிங்க் பிளாய்டு’ குழுவின் டேவிட் கில்மருடைய கறுப்புக் கிதாரோ, சன்பர்ஸ்டின் மேலேயே கறுப்பு அடித்தது. 2019இல் ஏறத்தாழ 40 லட்சம் டாலர்! அவர்கள் பெயருக்கு அந்த விலை. பேரன் இதைக் கேட்டதும், “அப்போ கறுப்பு அடிச்சா தப்பில்லையே, தாத்தா?” என்றான். “நீ முதல்ல கில்மர் ஆகு” என்றார் தாத்தா.

பூச்சு மெல்லியதானால் மரம் ‘சுவாசிக்கும்’, நாதம் இனிக்கும் என்று சொல்கிறவர்கள் ஏராளம். பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் ரிஷிகேசத்துக்கு வந்து திரும்பிய பிறகு, லென்னனும் ஹாரிசனும் தங்கள் கிதார்களின் பூச்சைச் சுரண்டியே எடுத்துவிட்டார்கள். நாதம் சிறந்தது என்று ஹாரிசன் நம்பினார். அவர்கள் சுரண்டியது உள்ளே வெற்றிடமுள்ள கிதார். நம் தஞ்சாவூர் வீணையைப் போல் குடம் அதிரும் வாத்தியத்தில் பூச்சின் கனம் நாதத்தைத் தொடும் என்பதை ஏற்கலாம். முழு மரக்கட்டையாலான மின்சாரக் கிதாரில், தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருள் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. அதில் பூச்சின் பங்கு அத்தனை பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இசைக்கலைஞர்கள் என்மேல் கோபிக்கலாம்.

கடற்கரை ஊரில் இத்தகைய வாத்தியம் வைத்திருப்பவர்களுக்கு நண்பர் சொன்ன யோசனைகள் சில. நைட்ரோ பூச்சு ரப்பரோடும் மலிவான பிளாஸ்டிக் வாரோடும் சேர்ந்தால் இளகி ஒட்டிக்கொள்ளும். அத்தகைய தாங்கியில் சாய்க்கும்போது நடுவில் பருத்தித் துணி போடவேண்டும். வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரிட், பெட்ரோல், மேஜை பாலிஷ் எதுவும் வேண்டாம். அரக்குப் பாலிஷ் போட்ட பழைய வாத்தியமானால் ஸ்பிரிட் ஒரு துளியே போதும், கெடுக்க. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாற்றவேண்டும். கட்டிலுக்கடியில் தரையோடு வைப்பது கூடவே கூடாது.

கிதாரை மீண்டும் பூட்டிப் புதுத் தந்தி மாட்டியபோது மணி நான்கு. ஒலிபெருக்கி இல்லாததால், பேரன் வெறுமனே மீட்டிக் காட்டினான். கொசுவின் ரீங்காரம்போல் சன்னமாகக் கேட்டது. பெரியவர் அருகே குனிந்து காதைக் கொடுத்தார்.

“அந்த வியாபாரி நாளைக்கு மறுபடி வர்றேன்னு போன் பண்ணியிருக்கான், தம்பி. என்ன சொல்றது?” என்று என்னைக் கேட்டார்.

“கழுத்துப் பள்ளத்தைக் காட்டுங்கள், ஐயா. பிறகு அவரே பேசட்டும்” என்றேன்.

மேஸ்திரிக்குத்தான் அன்றைய கூலி போயிற்று. வீட்டம்மாள் விடவில்லை. உள்ளறையில் துருப்பிடித்த பீரோ ஒன்றைக் காட்டி, அதற்குக் கறுப்பு அடித்துத் தரச் சொல்லிவிட்டார். நாங்கள் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது, அவர் முற்றத்தில் உட்கார்ந்து உப்புத்தாளை நனைத்துக்கொண்டிருந்தார்.